ரிட்டயர் ஆனதுக்கப்புறம் நாள் முழுக்க என்ன பண்றது? மும்பை ஃப்ளாட்டுல இருக்கறவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சு. செம்பூர்ல ரெண்டாவது மாடி ஃப்ளாட், பையன் புனேல, பொண்ணு கோயம்புத்தூர்ல, வீட்ல நானும் வீட்டம்மாவும் தான். 34 வருஷம் காலைல லோக்கல் ட்ரெயின பிடிக்க ஓடினவனுக்கு ஒரு திங்கக்கிழமைலேர்ந்து ஓட வேண்டாம்னு ஆயிடுச்சு. முதல் வாரம் சொர்க்கம். ரெண்டாவது வாரம் பேப்பர டெண்டர் நோட்டீஸ் வரைக்கும் விடாம படிச்சேன். மூணாவது வாரம் சமையல்கட்டுக்குள்ள போய் எல்லா டப்பாவுக்கும் லேபிள் ஒட்டினேன், பருப்பு, மல்லிப்பொடி, சீரகம்னு அழகா பிரிண்ட் எடுத்து. வீட்டம்மா பாத்துட்டு, "ஏங்க, முப்பத்தியோரு வருஷமா லேபிள் இல்லாம தானே சாம்பார் வெச்சேன், இத்தன நாள் மல்லிப்பொடின்னு சீயக்காயவா போட்டேன்?"னு கேட்டாங்க. அன்னிக்கு ராத்திரி தான் உறைச்சுது, ரிட்டயர் ஆனது நான் மட்டும் தான், அவங்க இல்ல, நான் இல்லாமலே ஓடிட்டிருந்த ஒரு ஆபீசுக்குள்ள புது மேனேஜர் மாதிரி நுழைஞ்சிருக்கேன்னு.

"எதாவது ஹாபி வெச்சுக்கோங்க சார்"னு எல்லாரும் சொல்லுவாங்க, எங்க ஆரம்பிக்கணும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. நான் தடவித் தடவி கண்டுபிடிச்சத வரிசையா எழுதறேன். எல்லாம் சின்ன ஃப்ளாட், சொசைட்டி ரூல், நாலு மாச மழைன்னு நம்ம மும்பை நிலவரத்துக்கு ஏத்தது.

முதல் மாசம்: ஒரு நோட்டு, ஒரு பேனா, வேற எதுவும் வேண்டாம்

பாதி எழுதின பழைய நோட்டு எல்லா வீட்லயும் கிடக்கும், அதுல ஒண்ண எடுத்துக்கோங்க. வாசல்ல ஆரம்பிச்சு பால்கனி வரைக்கும் ரூம் ரூமா நடந்து, என்னென்ன ஒழுங்கா இல்லையோ அத எழுதுங்க. குழாய் சொட்டுது, ஜன்னல் நகராம முக்குது, பெட்ரூம் ஃபேன் மெதுவா சுத்துது, அரிவாமணை மழுங்கிப் போச்சு, பீரோ சாவிய ரெண்டு தடவ திருப்பணும், காலிங் பெல் மழைக்காலத்துல யாரும் தொடாமலே அடிக்குது. எனக்கு 43 வந்துச்சு. அப்புறம் வீட்டம்மாவ கூட்டிட்டு அதே மாதிரி ஒரு சுத்து வந்தேன், இன்னும் 19 சேந்துச்சு. இத்தன வருஷமா நாம பாக்காத வீட்ட அவங்க பாத்துட்டிருக்காங்க, அதனால ரெண்டாவது சுத்த விட்ராதீங்க.

அந்த ஒரு மாசம் எதையும் வாங்காதீங்க. இத நான் கண்டிப்பாவே சொல்றேன். செட்டில்மென்ட் பணம் கைக்கு வந்த சூட்டுல தான் இந்த வியாதி பிடிக்கும். நண்பர் ஒருத்தர் ரிட்டயர் ஆன மறுவாரமே பெரிய கீபோர்டு ஒண்ணு வாங்கினாரு, சின்ன வயசு ஆசையாம். இப்ப அது மேல துணி காயுது. இன்னொருத்தர் வீட்ல ட்ரெட்மில் மேல பழைய பேப்பர் அடுக்கியிருக்காங்க, பழைய பேப்பர் வாங்கற ரத்திவாலா வந்தா தான் அந்த ட்ரெட்மில்லே கண்ணுக்குத் தெரியும்.

மாசக் கடைசில லிஸ்ட்ட ரெண்டா பிரிங்க. ஒரு பக்கம் முடியற வேலை, இன்னொரு பக்கம் முடியாத வேலை. குழாய் ரிப்பேர் சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும், கைய தொடைச்சிட்டு டீ குடிக்கலாம். செடி வளக்கறது முடியாது, நாளைக்கும் தண்ணி கேக்கும். முடியற வேலைய மட்டும் வெச்சுக்கிட்டா ஆறு மாசத்துல லிஸ்ட் தீந்து மறுபடியும் டெண்டர் நோட்டீஸ் தான். முடியாத வேலை மட்டும் இருந்தா எதையுமே செஞ்சு முடிச்ச மாதிரி இருக்காது, இழுத்துட்டே இருக்கற மாதிரி ஒரு அலுப்பு வரும். எந்த நேரத்துலயும் கையில ரெண்டும் ஒவ்வொண்ணு இருக்கணும், இத நான் பிடிச்சுக்கிட்டப்புறம் தான் நாள் ஒரு மாதிரி ஓட ஆரம்பிச்சுது.

வீட்ல ஒரு வேலைய மொத்தமா எடுத்துக்கோங்க

'ஹெல்ப்' பண்றேன்னு மட்டும் போகாதீங்க. ஹெல்ப்புன்னா அவங்க சொல்லணும், நாம கேக்கணும், அப்புறம் சரியா இல்லன்னு அவங்க மறுபடி செய்யணும், ரெண்டு பேருக்கும் டென்ஷன். பொருள் வாங்கறதுலேர்ந்து கழுவி வெக்கறது வரைக்கும் நம்ம பொறுப்புன்னு ஒரே ஒரு வேலைய முழுசா எடுத்துக்கணும். நான் எடுத்தது இட்லி மாவு.

சிரிக்காதீங்க, அதுல இருக்கற நுணுக்கம் எங்க ஆபீஸ் ஃபைல்ல கூட கிடையாது. எங்க கணக்கு நாலுக்கு ஒண்ணு, கூட ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்த தனியா ஊற வெச்சு, ஃப்ரிஜ் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா தெளிச்சு அரைக்கணும், கிரைண்டர் சூடு மாவுல ஏறினா பொங்காது. ஒரு சொட்டு மாவ கிண்ணத் தண்ணில விட்டா மிதக்கணும், அது வரைக்கும் கிரைண்டர நிறுத்தாதீங்க. அரிசி மாவோட கலக்கறப்ப கையால கலக்கணும், கரண்டி ஆகாது. மே மாசம் ராத்திரி கரைச்சு வெச்சா விடிகாலைலயே பொங்கி வழிஞ்சு மேடையெல்லாம் நாசமாகும், ஜனவரில அதே மாவு மறுநாள் மத்தியானம் வரைக்கும் சும்மா உக்காந்திருக்கும். அதனால நோட்டுல தேதி, கரைச்ச நேரம், பொங்கின நேரம்னு எழுதிட்டு வர்றேன், மூணு வருஷ கணக்கு இருக்கு. நவம்பர் வந்தா எப்ப ஊற வெக்கணும்னு வீட்டம்மா இப்ப என்கிட்ட தான் கேக்கறாங்க. லேபிள் ஒட்டினவனுக்கு கிடைச்ச ப்ரொமோஷன்.

கிரைண்டர் சத்தம் வருது ஆனா மாவு நைசாகலன்னா, பெல்ட் தளந்திருக்கான்னு பாருங்க. ப்ளக்க பிடுங்கிட்டு அடிப்பக்கம் திறந்தா பல மாடல்ல தெரியும். பழைய பெல்ட்ட கையோட கொண்டு போனா தான் சரியான அளவு கிடைக்கும்.

டூல்ஸ் வாங்கறது

ரெண்டாவது மாசம் தான் பர்ஸ தொடணும். பக்கத்து ஹார்டுவேர் கடைலயே எல்லாம் கிடைக்கும் தான், ஆனா நமக்கு நேரம் இருக்கு, நாகதேவி ஸ்ட்ரீட் போங்க. கையால பிடிக்கற டூல்ஸ்க்கு நாகதேவி, ஸ்விட்ச் ஒயர் பல்புக்கு லோஹார் சால், ரெண்டும் க்ராஃபர்ட் மார்க்கெட் சுத்துவட்டாரம், நடக்கற தூரம். ஹார்பர் லைன்ல மஸ்ஜித்ல இறங்கிக்கலாம், செம்பூர்லேர்ந்து ஒரே ட்ரெயின். காலைல பதினோரு மணிக்கு மேல கிளம்பி நாலு மணிக்குள்ள திரும்பிடுங்க, சீனியர் சிட்டிசன் சீட்டு ஒதுக்கியிருக்காங்கதான், பீக் அவர்ல அந்த சீட்டு வரைக்கும் போய் சேரணுமே. ஞாயித்துக்கிழமை வேண்டாம், பெரும்பாலும் ஷட்டர் போட்டிருக்கும்.

என்ன வாங்கணும்: ஸ்க்ரூ டிரைவர் ரெண்டு அளவு, கட்டிங் பிளேயர், ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், சுத்தி, டெஸ்டர், இன்ச் டேப், குழாய் மரைல சுத்தற டெஃப்ளான் டேப், கொஞ்சம் சாண்ட் பேப்பர், ஓட்டை அடைக்க ஒரு டப்பா எம்-சீல். அவ்வளவு தான், இது எல்லாம் ஒரு சின்ன பையில அடங்கணும். டிரில் மெஷின் வாங்காதீங்க, வருஷத்துல நாலு ஓட்டை போட பிளம்பரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கேட்டுக்கலாம். கடைல ஸ்பேனர்னு கேட்டாலும் கொடுப்பான், பாணான்னு கேட்டா நம்மள ஒரு தொழில்காரனா மதிச்சு கொடுப்பான். பிளேயருக்கு பக்கட், வாஷருக்கு வாய்சர். இந்த மூணு வார்த்தைல எனக்கு எத்தன ரூபா மிச்சமாச்சுன்னு தெரியாது, மரியாதை கூடிச்சு.

முதல் ரிப்பேர்: சொட்டற குழாய்

லிஸ்ட்ல எது இருந்தாலும் இதுலேர்ந்து ஆரம்பிங்க. மொதல்ல ராத்திரி படுக்கறப்ப குழாய்க்கு கீழ ஒரு மக்க வெச்சு காலைல பாருங்க. எங்க வீட்ல ஒரு மக் நிரம்பி வழிஞ்சிருந்துச்சு, நான் டக் டக்னு தூக்கத்துல கேட்டதெல்லாம் அது தான்.

திருகித் திருகி மூடற பழைய மாடல் குழாயா இருந்தா உள்ள ஒரு ரப்பர் வாஷர் இருக்கும், அது தேஞ்சு போனா சொட்டும். கால் சுத்து திருப்பினா திறக்கற புது மாடல்னா உள்ள செராமிக் ஸ்பிண்டில், அத ரிப்பேர் பண்ண முடியாது, அப்படியே கழட்டி அதே மாதிரி ஒண்ணு வாங்கிப் போடணும். ரெண்டுக்கும் கழட்டற முறை ஏறக்குறைய ஒண்ணு தான்.

தண்ணிய நிறுத்தணும். சில வீட்ல பாத்ரூம்லயே வால்வு இருக்கும், பழைய பில்டிங்ல மொட்டை மாடில டேங்க் பக்கத்துல தான் இருக்கும், எது யாரோட லைன்னு வாட்ச்மேனுக்கு தான் தெரியும். நான் நாமளே கண்டுபிடிச்சிடலாம்னு ஒண்ண மூடினேன், மூணாவது மாடி குஜராத்தி அம்மா தலைல ஷாம்பூவோட கத்தினாங்க. வால்வ மூடினதும் குழாய திறந்து விட்டு, தண்ணி மொத்தமா நிக்கற வரைக்கும் காத்திருங்க. அப்புறம் வாஷ்பேசின் ஓட்டைல ஒரு துணிய அடைங்க, இது ரொம்ப முக்கியம், சின்ன ஸ்க்ரூ அதுல விழுந்தா அது போச்சு.

கைப்பிடி மேல சின்ன மூடி இருக்கும், நெம்பி எடுத்தா உள்ள ஸ்க்ரூ. அத கழட்டி கைப்பிடிய உருவுங்க. இப்ப ஸ்பேனர் போடற இடம் தெரியும், அதுக்கு மேல பழைய துணிய சுத்திட்டு ஸ்பேனர பிடிங்க, இல்லன்னா பளபளப்பெல்லாம் கீறிடும். இடது பக்கமா திருப்பணும். வரலன்னா முரட்டுத்தனமா இழுக்காதீங்க, பழைய பைப் செவுத்துக்குள்ள உடைஞ்சா டைல்ஸ் உடைக்கற வரைக்கும் போகும், இன்னொரு கையால குழாயோட உடம்ப கெட்டியா பிடிச்சுக்கோங்க. ஸ்பிண்டில் வெளில வந்ததும் அடியில ஒரு கறுப்பு வட்டம், அது தான் நம்ம வாஷர். நடுவுல மோதிரம் பதிஞ்ச மாதிரி பள்ளம் விழுந்து, கல்லு மாதிரி இறுகிப் போயிருக்கும். அத கையில எடுத்துட்டு கடைக்கு போங்க. விலை ஒரு கட்டிங் சாய்க்குள்ள, அதாவது அரை கிளாஸ் டீ காசுக்குள்ள முடிஞ்சிடும்.

புது வாஷர் போடறதுக்கு முன்னாடி குழாய்க்குள்ள விரல விட்டு வாஷர் உக்கார்ற வட்டத்த தடவிப் பாருங்க. வழவழன்னு இருந்தா சரி. சொரசொரன்னு பள்ளமா இருந்தா எத்தன வாஷர் மாத்தினாலும் சொட்டும், குழாயவே மாத்திட வேண்டியது தான். மாட்டறப்ப கையால முழுசா திருகிட்டு, ஸ்பேனரால கடைசி அரை சுத்து மட்டும். வால்வ மெதுவா திறங்க.

எனக்கு முதல் தடவ மூணு மணி நேரம் ஆச்சு, கடைக்கு ரெண்டு நடை. பிளம்பர் பத்து நிமிஷத்துல முடிச்சிருப்பான். ஆனா அன்னிக்கு ராத்திரி அந்த டக் டக் சத்தம் இல்லாததால தூக்கமே வரல, எழுந்து போய் ரெண்டு தடவ குழாய பாத்துட்டு வந்தேன்.

எந்த மாசம் எந்த வேலை

இத ஒரு தப்பு பண்ணி கத்துக்கிட்டேன். முதல் வருஷம் ஜூலைல பெட்ரூம் கதவு மூட வரல, கீழ உரசுது. லிஸ்ட்ல இருந்த வேலை தானேன்னு கதவ கழட்டி, கார்ப்பென்டர் கிட்ட இழைப்புளி கடன் வாங்கி, ஹால்ல நியூஸ்பேப்பர் விரிச்சு ரெண்டு மணி நேரம் இழைச்சேன். சுருள் சுருளா மரம் விழறத பாத்தா ஒரு போதை, நிறுத்தவே தோணல. மாட்டினதும் வெண்ணெய் மாதிரி மூடிச்சு. எல்லாருக்கும் ஃபோன் பண்ணி சொன்னேன். டிசம்பர்ல பாத்தா கீழ ஒரு விரல் போற அளவுக்கு இடைவெளி, பல்லி தாராளமா போய் வருது.

விஷயம் என்னன்னா மழைக்காலத்துல காத்துல இருக்கற ஈரத்த மரம் குடிச்சு உப்பிடும், காஞ்சதும் பழைய அளவுக்கு வந்துடும். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் நாலு மாசத்துல இங்க 2,000 மில்லிமீட்டருக்கு மேல பெய்யுது, மரம் என்ன பண்ணும். அதனால ஜூலைல கதவு உரசினா, உரசற இடத்துல ஒரு மெழுகுவத்திய தேய்ங்க, போதும். டிசம்பர்லயும் உரசினா அப்ப மட்டும் இழைங்க, அதுவும் ஒரு தடவ தள்ளி ஒரு தடவ மாட்டிப் பாத்து.

அதிலேர்ந்து நான் வேலைய மாசம் பாத்து பிரிச்சுட்டேன். பெயின்ட், மர வேலை, புஸ்தகம், பழைய ஃபோட்டோ இதெல்லாம் நவம்பர்லேர்ந்து பிப்ரவரி. ஏப்ரல் மே வெயில்ல ஜன்னல் ஓரம் எங்க வெடிப்பு இருக்குன்னு பாத்து அடைச்சுடணும், மும்பைக்கு மழை வர்ற வழக்கமான தேதி ஜூன் 11, அதுக்குள்ள முடியலன்னா அப்புறம் வருஷம் முழுக்க செவுத்துல உப்பு பூக்கும். மழை நாலு மாசமும் உக்காந்து பண்ற வேலை.

தட்டற வேலை எதுவா இருந்தாலும் சொசைட்டி நேரத்த பாத்துக்கோங்க, எங்க இடத்துல மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலு சுத்தியல் கூடாது, செக்ரட்டரி தூங்கற நேரம்.

கை வெக்கக்கூடாதது

காஸ் லைன், மெயின் போர்டு, ஜன்னலுக்கு வெளில இருக்கற எதுவும். ஃபேன் மெதுவா சுத்தினா பெரும்பாலும் கெப்பாசிட்டர் வீக்காகியிருக்கும், சீலிங் ஃபேனுக்கு வழக்கமா 2.5 மைக்ரோஃபாரட், விலை கம்மி தான். ஆனா அத மாத்த ஸ்டூல் மேல ஏறி தலைய அண்ணாந்து நிக்கணும், நம்ம வயசுல அண்ணாந்தா தலை சுத்தும். எலக்ட்ரீஷியன கூப்பிட்டு, கீழ நின்னு ஸ்டூல பிடிச்சுக்கிட்டு பாத்து தெரிஞ்சுக்கோங்க. ஸ்டூல விட உயரமான எதுலயும் நான் ஏறறதில்ல, வீட்ல தனியா இருக்கறப்ப ஸ்டூல் மேலயும் ஏறறதில்ல.

முடியாத வேலை: க்ரில் தோட்டம்

மும்பைக்காரனுக்கு தோட்டம்னா ஜன்னல் க்ரில் தான். மொதல்ல ஒரு வாரம் வெயில் எத்தன மணிக்கு வருது எத்தன மணிக்கு போகுதுன்னு நோட்டுல எழுதுங்க. நாலு மணி நேரம் நேர் வெயில் வந்தா கறிவேப்பிலை, துளசி, மிளகாய் வெக்கலாம். ரெண்டு மணி நேரம் தான்னா புதினா, கற்பூரவல்லி. வெயிலே வரலன்னா மணி ப்ளான்ட் வெச்சுட்டு சந்தோஷமா இருங்க, ரோஜாவ கொண்டு வந்து கொலை பண்ணாதீங்க.

மண்ணு மட்டும் போட்டா வெயிட் தாங்காது. மண்ணு ஒரு பங்கு, மக்கின உரம் ஒரு பங்கு, தேங்காநார் தூள் ஒரு பங்கு. அப்படியும் 12 இன்ச் தொட்டி தண்ணி ஊத்தினப்புறம் பதினஞ்சு கிலோவுக்கு மேல வரும், துருப்பிடிச்ச பழைய க்ரில்லுல அத அடுக்காதீங்க, கீழ ஜனங்க நடக்கறாங்க. பாரப்பெட், அதான் கைப்பிடிச் சுவர், அது மேல ஒரு தொட்டி கூட கூடாது. தொட்டிக்கு கீழ வெக்கற தட்டுல தண்ணி நிக்க விடாதீங்க, கொசு முட்டை போட்டு எட்டு பத்து நாள்ல பறந்துடும், வாரத்துக்கு ஒரு தடவ கவுத்துடணும். மழைல தட்டே வேண்டாம், எடுத்து உள்ள வெச்சுடுங்க.

பலன் சீக்கிரம் பாக்கணும்னா நம்ம ஊரு சமுத்திர மேத்தி போடுங்க. மார்க்கெட்ல விரல் நீளத்துக்கு சின்னச் சின்ன கட்டா வேர்ல மணலோட விக்கறாங்களே, அது தான். சமையல்கட்டு வெந்தயத்த ராத்திரி ஊற வெச்சு, அடில ஓட்டை போட்ட ஒரு பழைய ட்ரேல கழுவின மணலோட கொஞ்சம் உரம் கலந்து நிரப்பி, நெருக்கமா தூவி, மேல மெல்லிசா மணல் போட்டு மூடுங்க. தினம் கையால தண்ணி தெளிச்சா மூணாம் நாள் முளை எட்டிப் பாக்கும், ரெண்டு வாரத்துல வெட்டலாம். பருப்புல போட்டா ஒரு சின்ன கசப்பு இருக்கும், அது தான் ருசி. ரெண்டு ட்ரே ஒரு வாரம் தள்ளி தள்ளி விதைச்சா விடாம வந்துட்டே இருக்கும். புதினாவுக்கு காசே வேண்டாம், மாட்டுங்கால வாங்கின கட்டுல தடிச்ச தண்டா நாலு எடுத்து தண்ணில வெச்சா ஒரு வாரம் பத்து நாள்ல வேர் விட்டுடும்.

பழைய ஃபோட்டோ

இது ஒரு முழு குளிர்காலத்துக்கு தாங்கும். ஆல்பத்த மழைல திறக்காதீங்க, ஈரத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும், பிய்ச்சா முகமே போயிடும். டிசம்பர்ல வெளில எடுத்து ஃபேன் காத்துல ரெண்டு நாள் வெச்சுட்டு அப்புறம் பிரிங்க. பசை தடவின பழைய ஆல்பமா இருந்தா நகத்தால நெம்பக் கூடாது, பல்லு இடுக்குக்கு போடற மெல்லிய நூல ஃபோட்டோவுக்கு அடில விட்டு அறுக்கற மாதிரி மெதுவா இழுங்க, வந்துடும்.

ஸ்கேனர்ல 600 டிபிஐ வெச்சு எடுங்க, சின்ன கறுப்பு வெள்ளை ஃபோட்டோ கூட பெருசு பண்ணா தெளிவா இருக்கும். ஃபைல் பேர்ல வருஷத்த முதல்ல போடுங்க, 1987-05-கல்யாணம்-கல்லிடைக்குறிச்சின்னு, அப்ப தானா வரிசைல நிக்கும். ஃபோட்டோ பின்னாடி பேர் எழுதணும்னா சாஃப்ட் பென்சில்ல எழுதுங்க, பால் பேனா அழுத்தினா முன்பக்கம் தெரியும். மூணு காப்பி வெச்சுக்கோங்க, அதுல ஒண்ணு பசங்க வீட்ல இருக்கணும்.

ஆனா வேலை ஸ்கேனர்ல இல்ல, ஃபோன்ல இருக்கு. அந்த 87 கல்யாண ஃபோட்டோல பந்தக்கால் பக்கத்துல அரை ட்ராயரோட ஒரு பையன் நிக்கறான், யாருன்னே தெரியல. ஊர்ல இருக்கற அத்தைக்கு வாட்ஸப்புல அனுப்பிட்டு கூப்பிட்டேன், 82 வயசு. "அது சமையக்காரர் மகன்டா, அன்னிக்கு அவனுக்கு காய்ச்சல், அதான் அவங்கப்பா கூடவே கூட்டிட்டு வந்தாரு, பாயசம் வேணும்னு அழுதான், நான் தான் திருட்டுத்தனமா ஒரு டம்ளர் கொடுத்தேன்"னு ஆரம்பிச்சு ஐம்பது நிமிஷம் பேசினாங்க. கேட்டுட்டு ரெக்கார்ட் பண்ணாம விட்டுட்டேன். நீங்க விடாதீங்க, அவங்ககிட்ட சொல்லிட்டு ரெக்கார்டிங்க போட்டுட்டு அப்புறம் பேசுங்க.

மழைக்காலத்துக்கு உக்காந்து பண்ற வேலை

கம்ப்யூட்டர்ல தமிழ் டைப் பண்ண வருமா? வரலன்னாலும் ஒரு வாரத்துல வந்துடும். விக்கிமூலம்னு ஒரு வெப்சைட் இருக்கு, காப்பிரைட் முடிஞ்ச பழைய தமிழ் புஸ்தகங்கள பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி போட்டிருப்பாங்க. ஒரு பக்கம் புஸ்தகத்தோட படம், இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர் தானா படிச்ச எழுத்து. கம்ப்யூட்டருக்கு பழைய அச்சு எழுத்து சரியா புரியாது, 'ர'வ 'ா'ன்னு எடுத்துக்கும், பழைய 'லை' 'னை' கொம்பு வெச்ச எழுத்துல தடுமாறும். நாம படத்த பாத்து திருத்தணும். திருத்தாத பக்கம் சிவப்பா இருக்கும், ஒருத்தர் திருத்தினா மஞ்சள், இன்னொருத்தர் சரிபாத்தா பச்சை. சர்க்கார் ஆபீஸ்ல ட்ராஃப்ட் திருத்தியே தலை நரைச்ச நமக்கு இத விட பொருத்தமான வேலை கிடையாது. நான் நாளைக்கு நாலு பக்கம், மழை கொட்டினா எட்டு. மதுரைத் திட்டம்னு 1998 பொங்கல்லேர்ந்து இதே மாதிரி ஆர்வலர்களே பழைய இலக்கியத்த ஏத்தற முயற்சியும் இருக்கு.

வாரத்துல ஒரு நாள் வீட்ட விட்டு வெளில

நமக்காக இல்லன்னாலும் வீட்டம்மாவுக்காக. நான் புதன்கிழமை காலைல போனா சாயங்காலம் தான் வருவேன், அன்னிக்கு வீடு அவங்களோடது, அவங்க ஃப்ரெண்ட்ஸ் வருவாங்க, டீவி ரிமோட் அவங்க கையில.

பெருசா செலவில்லாத இடம் நிறைய இருக்கு. மாட்டுங்கா மார்க்கெட் தெருல பூக்கடை, வாழையிலை, ஃபில்டர் காப்பின்னு சும்மா நடந்தாலே ஊருக்கு போன மாதிரி இருக்கும். சேடா நகர் முருகன் கோயில் படி ஏறினா முட்டிக்கும் முருகனுக்கும் சேத்து ஆச்சு. செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ்லயோ ஷண்முகானந்தாவுலயோ கச்சேரி இருக்கான்னு பாத்து வெச்சுக்கோங்க. தாராவி பக்கத்துல மஹாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கு, குப்பை மேடா இருந்த இடம், இப்ப உள்ள போனா காடு.

குளிர்காலத்துலேர்ந்து மே வரைக்கும் ஃப்ளெமிங்கோ பாக்கலாம், செவ்ரி ஜெட்டி ஹார்பர் லைன்ல தான். ஆனா நினைச்ச நேரத்துக்கு போனா தூரத்துல வெறும் ரோஸ் கலர் கோடு தான் தெரியும். கடல் ஏறற நேரத்த மொபைல்ல பாத்துட்டு, அதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி போய் நில்லுங்க, தண்ணி ஏற ஏற பறவை கரைப்பக்கம் தள்ளிட்டு வரும். தானே க்ரீக்க 2022ல ராம்சார்ங்கற உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேத்திருக்காங்க, ஐரோலிலேர்ந்து வனத்துறை போட்டும் இருக்கு, அதுவும் அலை நேரப்படி தான் ஓடும்.

65 தாண்டினவங்களுக்கு மஹாராஷ்டிரா அரசாங்க எஸ்டி பஸ்ல பாதி டிக்கெட், 75 தாண்டினா ஃப்ரீ, ஆதார் கார்ட எடுத்துட்டு போங்க. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு.

லிஸ்ட் நிலவரம்: 62ல 51 முடிஞ்சுது, நடுவுல புதுசா 14 சேந்துச்சு. காலிங் பெல் இன்னும் மழைல தானா அடிக்குது, வீட்டம்மா இப்ப யாருன்னு கூட பாக்கறதில்ல. பெட்ரூம் கதவுக்கு கீழ அடிக்க ஒரு ரப்பர் பட்டை வாங்கி வெச்சிருக்கேன், இப்ப ஆகஸ்ட், கதவு உப்பி சரியா மூடுது, டிசம்பர் வரட்டும்.